கோர்ட்டு வாசலில் எழுந்து நின்றவர்கள்

ஜாமீன் மனு போடும் நாளில் முதல் வேலை என்ன என்று நேற்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். மனுவை எழுதுவதா, ஜாமீன்தாரரைத் தேடிப் பிடிப்பதா என்று. இரண்டும் இல்லை. சீக்கிரமே போய், கோர்ட்டு வாசலில் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஏன் என்பதை வாயால் சொன்னால் புத்திமதி போல ஆகிவிடும். அதனால் எழுதித் தருகிறேன்.

அடுத்த வாரம் முதல் என் நாற்காலியில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். வேலையை விட்டுப் போகிறவன் என்ற உரிமையில் பேசுகிறேன். முப்பது வயதுகூட ஆகாதவன் பென்ஷன்காரர் மாதிரிப் பேசுகிறானே என்று சிரிக்கலாம். வக்கீல் குமாஸ்தாவாக ஒரு மழைக்காலம் முழுக்கக் கோர்ட்டு வராந்தாவில் நின்று பாருங்கள், பிறகு உங்களுக்கும் சிரிப்பு வராது.

யுத்தம் முடிந்திருந்தது. ரேஷன் கார்டு முடியவில்லை. தாராவியில் ஒரு தோல் கிடங்கில் சுடலைமுத்து என்று ஒருவன் வேலை பார்த்தான். திருநெல்வேலிப் பக்கம், எங்கள் ஊருக்கு நாலு ஊர் தள்ளி. ஊரில் சும்மா இருந்த தம்பி இசக்கியை ரயிலேற்றி வரவழைத்து, அதே கிடங்கில் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

இசக்கியின் கழுத்தில் ஒரு கொப்புளம் வந்தது. வலி இல்லை. ஆனால் நடுவில் கறுத்தது. பச்சைத் தோலைத் தோளில் சுமக்கிறவர்களுக்கு அது தோலிலிருந்து தொற்றி ஆளைக் கொல்கிற நோய் என்று தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முக்காதமிடம் கேட்டான். முக்காதம் என்றால் மேஸ்திரி, கிடங்கில் ஆளை வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான். வந்திருக்கிற தோலை இறக்கிவிட்டுப் போ என்றார். இறக்கினான். மறுநாளும் அதையே சொன்னார். மறுநாளும் இறக்கினான். அதற்கடுத்த நாள் காய்ச்சலோடு கிடங்கிலேயே விழுந்தான். சுடலை கையில் இருந்த கட்டையால் முக்காதத்தின் தலையில் ஒரே ஒரு அடி அடித்தான். தலை பிளந்தது. தம்பியை ஆஸ்பத்திரிக்கும் அண்ணனை ஸ்டேஷனுக்கும் ஒரே நேரத்தில் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனிலிருந்து ஜெயிலுக்கு.

சுடலையின் மனைவி பேச்சியம்மாள் மாட்டுங்காவில் நம் ஆபீசுக்கு வந்தாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"கொழுந்தனுக்கு வீக்கம் நெஞ்சு வரைக்கும் எறங்கிட்டு. கண்ணத் தொறந்தா 'அண்ணன் எங்க'ன்னுதான் கேக்கான். வேல சோலியா வெளியூருக்குப் போயிருக்காவன்னு சொல்லி வச்சிருக்கேன். எத்தன நாளைக்கிச் சொல்ல?"

"டாக்டர் என்னம்மா சொல்றார்?" என்று வக்கீல் கேட்டார்.

"கைய விரிக்கல. ஆனா கையப் பிசையுதாரு."

அவள் போன பிறகு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "கேஸ் கிடக்கட்டும்டா. கேஸை வருஷக்கணக்கா நடத்தலாம். அந்தத் தம்பி வருஷக்கணக்கா காத்துண்டிருக்க மாட்டான். அண்ணாவை வெளியிலே கொண்டுவரணும். அவ்வளவுதான் நமக்கு வேலை" என்றார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கேட்கும்போது அவன் அடித்தானா இல்லையா என்பது பேச்சே இல்லை. வெளியே விட்டால் ஓடிவிடுவானா, சாட்சியை மிரட்டுவானா, கூப்பிட்ட நாளில் வந்து நிற்பானா, இவ்வளவுதான். இந்த மாதிரி ரத்தக்காயக் கேசில் விடுவதும் விடாததும் மாஜிஸ்திரேட்டின் மனசு. அந்த மனசுக்கு எதிரே என்ன காட்சி இருக்கிறது என்பதுதான் எல்லாம்.

மனு போட்ட அன்று கோர்ட்டு காம்பவுண்டுக்குள் நுழைந்தேன். வேப்பமரத்தடியில் ஏறக்குறைய நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. சுடலையின் ஊர்க்காரர்கள். தாராவியில் ஊருக்கு ஒரு ரூம் உண்டு. அந்த ஊரிலிருந்து வருகிறவன் தகரப் பெட்டியை அந்த ரூமில் வைத்துவிட்டுத்தான் வேலை தேடுவான். கல்யாணம், சாவு, கோர்ட்டு என்றால் ரூமே கிளம்பிவிடும். ஒருத்தன் கௌரவம் என்பது அவனுக்குப் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான். நானும் அப்படிப்பட்ட ரூமில் தகப்பனார் மடியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று.

ரூமுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் மாடசாமி. நான் கிட்டே போனேன்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டுப் பேரு?"

"பின்ன? எங்க ஊர்க்காரன் கோட்டுக்கு வாரான். ஒத்தையில நிப்பானோ? இன்னிக்கி ஒரு பய வேலைக்குப் போகல, பாத்துக்கோ. சமையக்காரனையும் இழுத்துட்டு வந்துட்டோம். ரூம்ல ஒல கொதிக்கல."

"சத்தம் மட்டும் வரக்கூடாது."

"மூச்சு விடமாட்டோம். போதுமா குமாஸ்தா தம்பி?"

சொன்னபடி மூச்சு விடவில்லை. அதுவும் வினையாகப் போயிற்று. நாற்பது பேர் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தால் சந்தைக் கூட்டம். நாற்பது பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது வேறு.

எங்கள் கேசைக் கூப்பிட்ட நேரத்தில்தான் முக்காதம் வந்தார். தலையில் பெரிய கட்டு. ஒரு ஹவல்தார் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். மாஜிஸ்திரேட்டின் மேஜைக்குப் பக்கவாட்டில் ஜன்னல். அங்கிருந்து மரத்தடி நன்றாகத் தெரியும். முக்காதம் மரத்தைத் தாண்டும்போது அந்த நாற்பது பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். தோளில் இருந்த துண்டைக் கையில் உருவி எடுத்தார்கள். ஒரு வார்த்தை இல்லை.

போலீஸ் தரப்பு வக்கீல் அதிகம் பேசவில்லை. ஜன்னலைக் காட்டி இங்கிலீஷில் சொன்னார். "கனம் கோர்ட்டார் பார்த்தீர்கள். நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. என் சாட்சி இந்த ஆட்களுக்கு நடுவில்தான் குடியிருக்கிறார்."

எனக்கு விஷயம் தெரியும். முக்காதம் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், தோளில் துண்டு இருக்கக் கூடாது. கிடங்கில் அதுதான் பழக்கம். என் அப்பா இன்னும் அப்படித்தான் நிற்கிறார். அவர்கள் மிரட்ட எழவில்லை. மரியாதைக்கு எழுந்தார்கள். பயத்துக்கு எழுந்தார்கள். வக்கீலின் காதில் இதைச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வாஸ்தவமாவாடா?"

"சத்தியமா சார்."

"இதை நான் எப்படிடா சொல்றது? நேக்கே இப்பத்தானே தெரியறது."

ஆனாலும் சொல்லிப் பார்த்தார். மாஜிஸ்திரேட் ஒரு தரம் ஜன்னலைப் பார்த்தார். மனு தள்ளுபடி.

சாயங்காலம் அந்த ரூமுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். நம் வேலையில் சிக்கலான இடம் கோர்ட்டு இல்லை, தோற்ற பிறகு போய் நிற்கிற அந்த ரூம்தான். அங்கே போகிற குமாஸ்தாவும் உண்டு, போகாத குமாஸ்தாவும் உண்டு. நீங்கள் போகிறவர்களாக இருங்கள்.

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கொதித்தார்கள்.

"மரியாதைக்கு எந்திரிச்சோம் வே! நிக்காம குத்தவச்சிருந்தா நாளைக்கி வேல இருக்குமா?"

"எந்திரிச்சது குத்தமா? சரி, அப்ப அடுத்த மட்டம் உக்காந்தே இருக்கோம்."

"உக்காந்தா மட்டும்? கால் மேல கால் போட்டான்னு சொல்லுவானுவ."

இரண்டு பேர் சிரித்தார்கள். மாடசாமி சிரிக்கவில்லை. நான் அவரிடம்தான் சொன்னேன்.

"அண்ணாச்சி, இசக்கிக்கு டாக்டர் குடுத்த சீட்ட வச்சு மறுபடி மனு போடுதோம். அன்னிக்கி யாரும் வரக் கூடாது. ஒரு ஆள் கூட."

"என்னலே சொல்லுத?"

"சுடல ஒத்தையில நிக்கணும்."

"நாதியத்தவனாவா?"

எங்கள் பக்கத்தில் ஒருவனை இதைவிடக் கீழாகச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. ரூமில் அடுப்புப் பக்கம் இருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"கோர்ட்டுல நாதின்னா ஒரே ஒரு ஆள் அண்ணாச்சி. நெலையான சம்பளமும் வீட்டு வாடகை ரசீதும் உள்ள ஒரு ஆள்" என்றேன்.

"நான் நிக்கேன்" என்றார் ஒருவர். "நானும்." "என்னயப் போடு." கை கையாக உயர்ந்தன. நாற்பது கையில் ஒரு கையிலும் ரசீது இல்லை. ரூம் இருக்கிற நிலம் யாருடையது என்றே அவர்களுக்குத் தெரியாது.

மாடசாமி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப நாங்க எல்லாம் அவனுக்கு யாரு?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். பதில் சொல்ல முயலாதீர்கள்.

பேச்சியம்மாள் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள். உள்ளே வராமலே பேசினாள்.

"மாமா, ஒருத்தரும் போவாண்டாம். நானும் போகல. அவுக என்னய வஞ்சாலும் சரி, ஊர வஞ்சாலும் சரி. வந்து வையட்டும். இசக்கி கண்ணு அடையுமுன்ன அவுக வந்து நிக்கணும். எனக்கு அது போதும்."

மாடசாமி தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி. அவ சொல்லிட்டா. எவனும் அந்தத் தெருப்பக்கம் தல வச்சுப் படுக்கக் கூடாது" என்றார்.

ஜாமீன்தாரர் மாட்டுங்காவில் கிடைத்தார். வக்கீலின் அடுத்த வீட்டுக்காரர், ரயில்வே ஆபீசில் கிளார்க். பாலக்காட்டுப் பக்கம். நல்ல மனிதர், பயந்த மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"தாராவிலேர்ந்து கும்பலா யாரும் வரமாட்டாளே? எங்க ஆபீஸ்காரா யாராவது பார்த்தா வம்பு."

"யாரும் வரமாட்டாங்க சார்."

"ஓடிப் போய்டுவனோ?"

"தம்பி சாகக் கிடக்கிறான் சார். ஓடினா அங்கதான் ஓடுவான்."

வெற்றிலைப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். "சரி, நடக்கட்டும். ஆத்துலே சொல்லிடாதேயும்" என்றார்.

இரண்டாவது மனு வந்த அன்று காம்பவுண்டு காலியாகக் கிடந்தது. வேப்பம்பழம் விழுந்து கிடந்த இடத்தில் காக்கைகள். ஜெயில் வண்டியிலிருந்து சுடலையை இறக்கினார்கள். இறங்கியதும் அவன் பார்த்தது மரத்தடியை. பிறகு வாசலை. பிறகு வராந்தா முழுவதையும். முன்பு வந்த அன்று அவனுக்கு அந்தக் கூட்டம் தெரிந்திருக்கிறது. இன்று ஒரு முகம் இல்லை, மனைவி முகமும் இல்லை. நான் கிட்டே போய்ச் சொல்லிவிடப் பார்த்தேன். காவலுக்கு வந்தவன் "ஹட்டோ, ஹட்டோ" என்று தள்ளிவிட்டு நேரே உள்ளே கொண்டு போனான். கையால் ஜாடை காட்டினேன். அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

கூண்டில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். முதல் தடவை நிமிர்ந்து நின்ற ஆள். போலீஸ் தரப்பு வக்கீல் அதே கூட்டத்தைப் பற்றிப் பேசினார். மாஜிஸ்திரேட் ஜன்னல் வழியாகப் பார்த்தார், காக்கைகள்தான் தெரிந்தன. கூண்டைப் பார்த்தார். டாக்டர் சீட்டை இன்னொரு முறை படித்தார். எங்கள் வக்கீல் அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் வாதாடவில்லை. வாதாட வேண்டியிருக்கவில்லை. ஊர் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்து ஒருவன் நொறுங்கி நின்றான், அதைப் பார்த்து ஜாமீன் கிடைத்தது.

ஜெயித்த கேசுகளை நினைத்தால் எனக்கு முதலில் அந்தக் குனிந்த தலைதான் ஞாபகம் வருகிறது.

உத்தரவு கிடைத்தால் ஆள் வெளியே வந்துவிட்டான் என்று எண்ணாதீர்கள். ஜாமீன்தாரர் உண்மையிலேயே அந்த வீட்டில் இருக்கிறாரா என்று போலீஸ் போய் விசாரிக்க வேண்டும். பத்திரம் ஏற்கப்பட வேண்டும். உத்தரவு ஜெயிலுக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் கைதிகளை அடைப்பதற்கு முன்னால். பிந்தினால் இன்னொரு ராத்திரி. ஓடி ஓடிப் பார்த்தும் அன்று முடியவில்லை. மறுநாள்தான் முடிந்தது. அன்று காலை ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பேச்சியம்மாளைப் பார்த்தேன். "இன்னிக்கி வெளிய வந்துருவாவளா?" என்றாள். "சாயந்திரத்துக்குள்ள கூட்டி வந்துருதேன்" என்றேன். உள்ளே போய் இசக்கியிடம் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

ஜெயில் வாசலில் நான் மட்டும்தான் நின்றேன். வெயில் இறங்கும் நேரத்தில் சின்னக் கதவு திறந்தது. சுடலை குனிந்து வெளியே வந்தான். ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒருத்தரும் வரலியா?"

"அண்ணாச்சி, நான் சொல்லுதேன்..."

"ஊரு என்னயத் தள்ளி வச்சிட்டுது, என்ன? கைய நீட்டிட்டம்லா. எவன் வருவான்."

ட்ராமுக்கு நடக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடி, முக்காதம், ஜன்னல், ரூமில் நடந்த பேச்சு. அவன் நடுரோட்டில் நின்றுவிட்டான்.

"எந்திரிச்சு நின்னதுக்கா ஜாமீன் குடுக்கல?"

"ஆமா."

"நாப்பது பேரும் வேலைக்குப் போகாம வந்து, அந்த ஆளக் கண்டதும் துண்ட எடுத்துட்டு எந்திரிச்சானுவளா?"

"ஆமா அண்ணாச்சி."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "கோட்டிக்காரப் பயலுவ" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நானும் எந்திரிச்சிருப்பேன், பாத்துக்கோ. அவன அடிச்சேம்லா, அடிச்ச மறு நிமிஷம் துண்டு தோள்ல இருக்கான்னு என் கை தேடிச்சு" என்றான்.

ட்ராமில் ஏறியதும் தம்பியைப் பற்றியே பேசினான். இசக்கிக்கு எந்த மிட்டாய் பிடிக்கும், ஊருக்கு அனுப்பிவிடலாமா, அவனைத் திரும்பத் தோல் பக்கம் விடவே கூடாது. இறங்கினதும் முதலில் தம்பி தலைமாட்டில் உட்கார வேண்டும், பிறகு மாடசாமியைப் போய்க் கும்பிட வேண்டும் என்றான். நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று. கூட்டத்தை வராதே என்று சொல்ல வேண்டி வந்தால் சொல்லுங்கள். ஆனால் உள்ளே இருப்பவனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வழி பண்ணிவிட்டுச் சொல்லுங்கள். ஜெயில் வாசலில் அவன் வீட்டு முகம் ஒன்றையாவது நிறுத்துங்கள். குமாஸ்தா முகம் அதற்கு ஈடாகாது. சட்டத்தில் இது எங்கேயும் இல்லை.

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி ஒரு வளைவு. வளைவு திரும்பும்வரை சுடலை எனக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனான். திரும்பினதும் நின்றான்.

பிணவறைப் பக்கத்து முற்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. மாடசாமி, ரூம் சமையல்காரர், எல்லோரும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு மூன்று பேராக வருவார்கள். கல்யாணம், சாவு, கோர்ட்டுக்குத்தான் ரூம் மொத்தமாகக் கிளம்பும். கோர்ட்டுக்கு வரவேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன்.

சுவர் ஓரத்தில் பேச்சியம்மாள்.

சுடலையைக் கண்டதும் அவர்கள் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை இல்லை.

அவன் நெடுநேரம் அவர்களைப் பார்த்தான். எனக்கு முதுகைக் காட்டி நின்றதால் முகம் தெரியவில்லை. பிறகு இரண்டு கையையும் மெல்லக் கீழே அமர்த்திக் காட்டினான்.

"எனக்கு எதுக்கு வே எந்திரிக்கிய?" என்றான். "உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க."